அம்மாவுக்கு மட்டும் கேட்ட எட்டு நொடிகள்

கிட்டத்தட்ட இரண்டு வாரமாக என் அம்மா, தான் சீக்கிரம் சாகப் போவதாக நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்பவைத்தது என் கைப்பேசி. இதை எழுதும்போது அது மேசையில் கிடக்கிறது. அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. தூங்கும்போது மெல்ல எரிந்து மெல்ல அணையும், மூச்சு விடுவது போல. முன்பு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்போது கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

அது கடைகளில் அடுக்கி வைத்து விற்கும் வகை இல்லை. லினக்ஸில் ஓடும் கைப்பேசி. அதற்குள் ஓடும் நிரல் முழுவதும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கு அனுப்பலாம். சோப்புக் கட்டி மாதிரி தடியாக இருக்கும். மத்தியானத்துக்குள் சூடேறிவிடும், சாயங்காலத் தேநீருக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். பின்மூடியைக் கழற்றினால் அரிசி மணி அளவில் வரிசையாகச் சுவிட்சுகள். ஒன்றைத் தள்ளினால் மைக்குக்கு மின்சாரம் போகாது, இன்னொன்றைத் தள்ளினால் கேமராவுக்கு. "எனக்குத் தெரியாம இது ஒரு வார்த்தை கூடக் கேக்காது" என்று அலுவலகத்தில் பலரிடம் மூடியைக் கழற்றிக் காட்டியிருக்கிறேன்.

காட்டிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் விருப்பம் அதிகம்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்த அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்த அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. பேருந்து எண்ணைத் தூரத்திலேயே சொல்லிவிடுவாள், அது எங்கே போகிறது என்று எழுதியிருப்பதைப் படிக்க மாட்டாள். இன்றும் ஜூரோங்கில் ஓர் உணவுக்கூடத்தில் மேசை துடைக்கிறாள். எனக்குப் பிறகு படித்த தம்பிக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் வந்த பின், பூன் லேயில் இருக்கும் எங்கள் மூவறை வீட்டில் எனக்கு உட்கார இடமில்லாமல் போனது. தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டேன். "கல்யாணம் ஆகாத பிள்ளை தனியாவா?" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: தினமும் ஏழு மணிக்குப் போன் செய்ய வேண்டும்.

அந்த ஏழு மணி அழைப்பை நான் லினக்ஸ் கைப்பேசியிலிருந்து செய்ய ஆரம்பித்தேன். அந்தக் கைப்பேசியின் பெரிய குறையே அழைப்புதான். தூங்கினால் எழாது, எழுந்தால் ஒலி வராது, ஒலி வந்தால் எதிரொலிக்கும். நானும் உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் சிலரும் சேர்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தோம். சோதித்துப் பார்க்க எதிர்முனையில் ஆள் வேண்டும். அம்மாவை விட நல்ல ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. படிக்கத் தெரியாதவளுக்குக் காதுதான் எல்லாம். "இன்னிக்குத் தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற" என்பாள். "நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கு ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவை வருது, ரெண்டாவது சின்னதா வருது." அதை நான் துறைச் சொற்களில் எழுதிக் குழுவுக்கு அனுப்புவேன். எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருப்பவர், உங்கள் சோதனையாளரின் காது மிகக் கூர்மையானது என்று பதில் போடுவார். அந்தப் பாராட்டை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரே ஒரு கோளாறு மட்டும் தீரவில்லை. அழைப்பு இணைந்ததும் "அம்மா" என்பேன். பதில் இருக்காது. மறுபடி "அம்மா?" அப்போதும் இருக்காது. மூன்றாவது முறை "அம்மா, கேக்குதா?" என்றால்தான், "ம், சொல்லு" என்று வரும். தினமும் இப்படியே. முதல் சில நொடிகளின் ஒலி எதிர்முனைக்குப் போய்ச் சேரவில்லை என்று பிழைப் பட்டியலில் எழுதினேன். எங்களுக்கு அப்படி நடக்கவில்லையே என்றார்கள் மற்றவர்கள். நடக்காவிட்டால் போகட்டும், நானே கண்டுபிடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் செலவழித்து ஒரு நிரல் எழுதினேன். மைக் திறந்ததும் அதில் விழும் முதல் எட்டு நொடிப் பேச்சை, தண்ணீர் பிடிப்பது போல ஒரு தொட்டியில் பிடித்து வைக்கும். அழைப்பு இணைந்ததும் முதலில் தொட்டியில் இருப்பதை அனுப்பும், அதன் பிறகு நேரடிப் பேச்சை விடும். இப்படிச் செய்தால் முதல் வார்த்தை தொலையாது. அறையில் என் பழைய போனை வைத்து, ஒவ்வொரு முறையும் கைப்பேசியை அணைத்து ஏற்றி, பத்துப் பன்னிரண்டு தடவை சோதித்தேன். அழகாக வேலை செய்தது.

அதைக் காட்டுவதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை டோபி காட் பக்கம் போனேன். என்னைப் போன்ற ஒரு டஜன் பேர் மாதம் ஒருமுறை வாடகை அறையில் கூடுவார்கள். புது நிரலை ஏற்றி, கைப்பேசியை அணைத்துப் போட்டேன். இன்றிலிருந்து சார்ஜர் துணையோடு இதை ஒரு முறை கூட அணைக்காமல் எத்தனை நாள் ஓட்டுகிறேன் பாருங்கள் என்று அங்கேயே பந்தயமும் கட்டினேன். கைப்பேசி என் கையில் மறுபடி எழுந்துகொண்டிருந்தபோதே, ஒரு தமிழர் பக்கத்தில் வந்து நின்றார். எங்கோ மேலாளராக இருப்பவர், நல்ல மனிதர்.

"உங்க டெஸ்டர் ரிப்போர்ட் எல்லாம் படிச்சேன் லா. சூப்பர். யாரு அவங்க, இஞ்சினியரா?"

"ம்... அந்த மாதிரிதான்."

"உங்க பேரன்ட்ஸும் இந்த லைன்தானா?"

"அப்பா இல்ல. ரொம்ப நாளாச்சு." மைக்கில் ஒலி விழுவதைக் காட்டும் திரையை அவருக்காகத் திறந்தேன்.

"ஓ, சாரி." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா என்ன பண்றாங்க?"

"அம்மாவும் செத்துட்டாங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கப்பவே."

இருமல் வருவது போல அது வந்துவிட்டது. மேசை துடைக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் அவர் இன்னும் மரியாதையாகத்தான் பார்த்திருப்பார். 'அப்படியா, உங்கம்மாவா, பெரிய விஷயம்' என்ற அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் தலையை அசைத்தார். எங்களுக்குப் பின்னால் யாரோ வேறு எதற்கோ சிரித்தார்கள். பேச்சு பேட்டரிக்குத் திரும்பியது.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அறையில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அறையில் நானும் மின்விசிறியும் மட்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். முன்பைவிட நீளமான மௌனம். கடைசியில் அம்மாவின் குரல் வந்தது, தாழ்வாக.

"உன் ரூம்ல யாருடி?"

"யாரும் இல்லம்மா."

"ஆம்பளைக் குரல் கேட்டுச்சு."

"கீழ கடையில யாராச்சும் பேசியிருப்பாங்க. என்ன சந்தேகமா?"

"கீழ இல்ல. உன் பக்கத்துல. நாக்காலியை இழுத்து உக்காந்தான்."

என் அறையில் நாற்காலியே கிடையாது. கட்டிலை மேசையோடு ஒட்டிப் போட்டு அதில் உட்கார்ந்துதான் வேலை செய்வேன். அதை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். வைத்த பிறகு எழுந்து கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. அலமாரியையும் திறந்து பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

மறுநாளும் "இன்னிக்கும் இருக்கான்" என்றாள். மூன்றாம் நாள், "ஒரு பொண்ணும் இருக்கா."

"எந்தப் பொண்ணு?"

"தெரியல. உன் குரல் மாதிரியே இருக்கு."

"நான்தானேம்மா பேசுறேன்?"

"இல்ல. அவ பேசி முடிச்சப்புறம்தான் நீ வர்ற."

முதுகில் ஈரத்துணி பட்டது போல இருந்தது. என்ன பேசுகிறாள் என்று கேட்டேன். அம்மா, "சாப்பிட்டியா?" என்றாள்.

நான் படித்தவள், பயத்தையும் முறைப்படிதான் பார்ப்பேன். கைப்பேசியின் பதிவுகளை வரி வரியாகப் படித்தேன். ஏழு மணிக்கு ஒரே ஓர் அழைப்பு. வேறு எந்த இணைப்பும் இல்லை. யாரோ வெளியிலிருந்து உள்ளே புகுந்திருக்கிறார்களா என்று தேடினேன், தடயம் இல்லை. அன்று முதல் பேசாத நேரமெல்லாம் மூடியைக் கழற்றி மைக் சுவிட்சைத் தள்ளி வைத்தேன். ஏழு மணிக்கு மட்டும் திறப்பேன். அப்படியும் அவள் வந்தாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், நான் எழுதிய நிரலை மட்டும் சந்தேகப்படவில்லை.

சாயங்காலங்களில் ஆறரை மணி ஆனதுமே அறை சுருங்குவது போல இருக்கும். பச்சை விளக்கு எரிந்து அணையும். என் குரலில் ஒருத்தி அதற்குள் உட்கார்ந்திருக்கிறாள், நான் அம்மாவைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறாள் என்று தோன்றும். நானே கூப்பிட்டு நானே அவளை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அம்மா தேக்காவுக்கு வந்தாள். காய்கறி வாங்க என்று நினைத்தேன். நேராக ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் பட்டுச் சேலை. முகத்தில் பவுடர். பெரிதாக, ஃபிரேம் போட்டு வேண்டும் என்றாள். எவ்வளவு பெரிதாக என்று கடைக்காரர் கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து மேசையில் நீட்டினாள். நடுவில் ஒரு முடிச்சு.

"முடிச்சு வரைக்கும் அகலம். முழு நூலும் உயரம்."

அது எந்த அளவு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில், மாலை போட்டிருக்கும் அப்பாவின் படத்தின் அளவு.

"என்ன ஆன்ட்டி, மாப்பிள்ளைக்கு அனுப்பவா இவ்ளோ பெருசு?" என்றார் கடைக்காரர்.

"ஆமா லா," என்றாள் அம்மா, சிரிக்காமல். "மாப்பிள்ளை ரொம்ப நாளா சுவத்துல காத்துக்கிட்டிருக்கார்."

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பூக்கடைக்கு முன்னால் நின்றிருந்தோம். அவள் என் கைப்பேசியை வாங்கி, கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த கறுப்புக் கயிற்றை அதைச் சுற்றி இரண்டு முறை கட்டினாள்.

"அவ என் சாவைச் சொல்றா," என்றாள். "தினம் சொல்றா."

"என்னன்னும்மா சொல்றா?"

"அதை என் வாயால சொல்லக் கூடாது. சொன்னா நானே கூப்பிட்ட மாதிரி ஆயிரும். வீட்டுக்கு வா, நீயே கேளு."

ரயிலில் பூன் லே போனோம். தம்பியும் குடும்பமும் வெளியே போயிருந்தார்கள். அம்மா சொன்னபடி செய்தேன். என் கைப்பேசியைப் படுக்கையறைக் கட்டிலில் வைத்து அவள் எண்ணை அழுத்திவிட்டு, கதவைச் சாத்தி, சமையலறைக்கு வந்து அவள் போனை எடுத்தேன். திரையில் வெறும் சாம்பல் நிறத் தலை, கீழே எண்ணுக்குப் பதில் எழுத்தில் என் பெயர். அம்மா யார் அழைக்கிறார்கள் என்பதைப் படத்தை வைத்துத்தான் அறிவாள். என் புது எண்ணுக்குத் தம்பி படம் போட்டுத் தரவே இல்லை. நான் "ஹலோ" சொல்ல வாயெடுத்ததும் அம்மா பட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"பேசாத. யாருன்னு தெரியாத கூப்பாட்டுக்கு மூணு தடவை ஆகுறதுக்கு முன்னாடி பதில் குடுக்கக் கூடாது. மனுசங்கன்னா மூணாவதும் கூப்பிடுவாங்க. அதுங்க ரெண்டோட நிறுத்திரும்."

சின்ன வயதில் கதவுக்கு வெளியே யாராவது கூப்பிட்டால் அவள் அப்படிச் செய்வது எனக்குத் தெரியும். போனுக்கும் அப்படித்தான் என்று நான் நினைத்ததே இல்லை. எட்டு மாதமாக நான் துரத்திய அந்த முதல் நொடிகளின் மௌனம் எந்தக் கோளாறும் இல்லை. என் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதை முழுதாக யோசிக்க நேரம் இருக்கவில்லை. காதில் ஒரு நாற்காலி இழுபட்டது. ஓர் ஆணின் குரல் தேய்ந்து வந்தது, "...அம்மா என்ன பண்றாங்க?" பிறகு நான். என் குரல், என் அவசரம், வார்த்தைக்கு நடுவில் நான் எச்சில் விழுங்கும் இடம் கூட. "அம்மாவும் செத்துட்டாங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கப்பவே." தூரத்தில் ஒரு சிரிப்பு. அதன் பிறகு சாத்திய படுக்கையறையின் வெறுமை.

அம்மா ஈரக்கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டியா?"

"ஒண்ணும் கேக்கலம்மா," என்றேன். "வெறும் இரைச்சல்."

அவள் போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "உனக்குக் கேக்காது," என்றாள். "எனக்குத்தான் சொல்லுது."

திரும்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து என் நிரலைப் படித்தேன். பிழை ஒரே வரிதான். தொட்டியைக் காலி செய்யும் கட்டளையைத் தவறான இடத்தில் எழுதியிருந்தேன். கைப்பேசியை அணைத்து ஏற்றினால் மட்டுமே அது காலியாகும். ஏற்றிய பின் முதலில் மைக்கில் விழும் எட்டு நொடி அப்படியே தங்கிவிடும், ஒவ்வோர் அழைப்பிலும் முதலில் அதுவே போகும். வீட்டில் ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டே சோதித்ததால் எனக்குத் தெரியவில்லை. இல்லாத கோளாறு ஒன்றுக்காக நான் செய்த வைத்தியம், நான் சொன்ன ஒரு பொய்யைப் பிடித்து வைத்து, தினமும் ஏழு மணிக்கு என் அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை கூடக் கேட்காது என்று ஊரெல்லாம் காட்டிய கைப்பேசி. அதற்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அந்த வரியைத் திருத்தி ஏற்றிவிட்டு, பந்தயத்தை மறந்து, ரயிலிலேயே கைப்பேசியை அணைத்தேன். பச்சை விளக்கு ஒருமுறை பெரிதாகி அணைந்தது. மறுபடி ஏற்றியபோது தொட்டி காலி. அந்தக் குரல் இனி எங்கும் இல்லை. கறுப்புக் கயிறு கட்டியதால் ஓடிவிட்டது என்று அம்மா நினைத்துக்கொள்வாள், எல்லாம் முடிந்தது, யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு, மூன்றாவது "அம்மா"வுக்கு "ம்" என்றாள்.

"இன்னிக்குக் கேட்டுச்சாம்மா?"

"இல்ல."

"பாத்தியா, கயிறு கட்டினதும் போயிருச்சு."

"போகலடி. சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிருச்சு. இனிமே எதுக்குச் சொல்லணும்?"

அவள் குரலில் பயமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தம்பி மனைவி அலுவலகத்துக்கே அழைத்தாள். "அண்ணி, அத்தை சக்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க. நாலு நாளா போடல. கேட்டா, வீணா எதுக்குங்கிறாங்க. கம்மலைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன், கையில திணிச்சுட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு லா, நீங்க வாங்க."

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். காதில் கம்மல் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். அலமாரிக்குப் பக்கத்தில், பிரவுன் காகிதம் சுற்றிய பெரிய ஃபிரேம் சுவரைப் பார்த்தபடி நின்றது.

எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், அந்த மனிதர், அவர் கேட்டது, நான் சொன்னது, தொட்டி. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கை நிற்காமல் கிள்ளிக்கொண்டே இருந்தது. முடித்ததும் தலையை நிமிர்த்தி, இரக்கத்தோடு பார்த்தாள். என் மேல் இரக்கம்.

"படிச்ச பிள்ளை. எனக்குத் தைரியம் குடுக்க எவ்ளோ ஜோடிச்சுச் சொல்ற."

"இல்லம்மா, நெஜம். அது என் குரல்தான்."

"குரல் உன்னோடதுதான். அதுங்க யார் குரல்லயும் வரும். ஆனா என் பிள்ளை என்னைச் செத்துட்டான்னு சொல்லாது. அதை வச்சுத்தான் அது நீ இல்லன்னே நான் கண்டுபிடிச்சேன்."

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பிழை இதுதான் என்று வாயால் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். அதே பிழையை, அதே வழியில், கண்ணுக்கு முன்னால் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மடிக்கணினியை எடுத்து, திருத்திய நிரலை நீக்கி, பிழையுள்ள பழைய நிரலைக் கைப்பேசியில் ஏற்றினேன். அணைத்துப் போட்டேன். மைக் திரையைத் திறந்து, கைப்பேசியை இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தேன். அம்மா கை கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அம்மாவும்..." என்றேன். எட்டு நொடியில் முடிக்க வேண்டும். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், பார்க்காமல் சொல்லியிருக்கலாம். "அம்மாவும் செத்துட்டாங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கப்பவே."

பிறகு கைப்பேசியைப் படுக்கையறையில் வைத்து, அவள் எண்ணை அழுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அம்மாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். வாயை மூடியபடி கேட்டாள். நான் அவளுக்கு எதிரில், பேசாமல், இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். என் உதடு அசையவில்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனில் குக்கர் விசில் அடித்ததும் அவள் புருவம் லேசாக ஏறியது. அதற்குப் பிறகு போனில் என் குரல் வந்திருக்கும்.

போனைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கை கழுவினாள். அலமாரிக்கு மேலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள்.

"இல்லம்மா."

"கம்மலைக் குடுத்துட்டேனேடி அவகிட்ட. இப்ப எப்படித் திருப்பிக் கேக்குறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளுக்கு இரண்டும் வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். மறுபடி உட்கார்ந்து நெத்திலித் தட்டை இழுத்துக்கொண்டாள். "கெளம்பு. அஞ்சு மணிக்கு மேல ரயில்ல ஏற முடியாது," என்றாள்.

பிழையுள்ள நிரலை அன்றே அழித்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த மனிதரிடம் போய், என் சோதனையாளர் என் அம்மா, உயிரோடு இருக்கிறாள், உணவுக்கூடத்தில் மேசை துடைக்கிறாள் என்று சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். நான் எதிர்பார்த்த அந்தப் பார்வையைத்தான் பார்த்தார். தாங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் துறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. திருத்தத்தின் கீழே எழுதியவர் பெயரும், அதைச் சோதித்தவர் பெயரும் வரும். தொட்டியைக் காலி செய்யும் அந்த ஒரு வரித் திருத்தத்தின் கீழே அம்மாவின் பெயரைப் போடலாமா என்று கேட்கப் போனேன். மடிக்கணினியில் தமிழில் எழுதிக் காட்டினேன். அவள் எழுத்துகளைப் பார்த்தாள், படத்தைப் பார்ப்பது போல.

"இது எவ்ளோ நாள் இருக்கும்?"

"அழிக்கவே முடியாதும்மா. எல்லார்கிட்டயும் போயிரும்."

"அப்ப நீ சொன்னது?"

"அதை அழிச்சுட்டேன்."

"எங்க அழிச்ச?" என்றாள். திட்டவில்லை. எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டது போல இருந்தது. காதில் கம்மல் திரும்பியிருந்தது. "சரி, போடு," என்றாள்.

பிரவுன் காகிதத்தை அவள் இன்னும் பிரிக்கவில்லை. நல்லா வந்திருக்கு, தேவைப்படுறப்ப இருக்கட்டும் என்கிறாள்.

அவள் போனில் என் எண்ணுக்குப் படம் நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் அழைத்தால் திரையில் என் முகம் வருகிறது. இருந்தாலும் முதல் "அம்மா"வுக்குப் பதில் வருவதில்லை, இரண்டாவதற்கும் வருவதில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டால், "நீயா, அவளா?" என்கிறாள். சில நாள் அதில் சிரிப்பு இருக்கிறது. சில நாள் இருக்கிறதா என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான்தாம்மா," என்பேன்.

அதற்குப் பிறகு ஓர் இடைவெளி. ஒலி சரியாகத்தான் போகிறது, தொட்டி காலியாகத்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்திய அறையில் கட்டிலில் உட்கார்ந்து, அவள் "ம், சொல்லு" என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறேன். சில நாள் எட்டு வரை எண்ணியிருக்கிறேன்.